தினம் ஒரு மணி நேரம்: ஆராய்ச்சி மாணவர் எதைப் படிப்பது?

சென்ற மாதம் வந்த கடிதங்களில் மூன்று, ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டன. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து நான்கு மாதம் ஆன மாணவி ஒருவர், "காலையில் ஆர்க்கைவ் தளத்தைத் திறந்தால் மதியம் வரை அதிலேயே போய்விடுகிறது. சோதனை செய்ய நேரமில்லை" என்று எழுதியிருந்தார். இன்னொருவருடைய வழிகாட்டி, ஆய்விதழில் அச்சேறாத எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். மூன்றாமவர் சுயநிதிக் கல்லூரி விரிவுரையாளர். பணம் கட்டிப் படிக்க வேண்டிய கட்டுரை எதுவும் அவர் கல்லூரியில் திறக்காது. வகுப்பு, விடைத்தாள், வீடு எல்லாம் போக ஒரு மணி நேரம் தேறும். "அதில் எதைப் படிப்பது? நீங்கள் இப்போது என்ன படிக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தார்.

பின் பாதியிலிருந்து தொடங்குகிறேன். நான் மீக்கடத்திகளை, அதாவது குளிர்ந்தால் மின்தடையே இல்லாமல் போகும் பொருட்களை, அளக்கிறவன். சுண்டுவிரல் நகமளவு வில்லையில் மயிரிழைக் கம்பிகள் நான்கை வெள்ளிப் பசையால் ஒட்டி, குளிர்வித்துக்கொண்டே போய், மின்தடை எங்கே சுழியாகிறது என்று பார்ப்பதுதான் பிழைப்பு. சில ஆண்டுகளாக மனம் நிக்கல் ஆக்சைடுகளில் சிக்கிக் கிடக்கிறது. 2019இல் ஸ்டான்ஃபோர்டு குழு ஒன்று அவ்வகை மெல்லிய படலம் ஒன்றில் மீக்கடத்தலைக் கண்டது. 2023இல் சீனாவின் சுன் யாட்-சென் பல்கலைக்கழகக் குழு, மூன்று லாந்தனம், இரண்டு நிக்கல், ஏழு ஆக்சிஜன் என்று அமைந்த படிகத்தை 14 ஜிகாபாஸ்கலுக்கு மேல் நசுக்கி, 80 கெல்வின் அருகே மீக்கடத்தலின் அடையாளங்களைப் பார்த்தது. வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 1,40,000 மடங்கு அது. எளிதில் கிடைக்கும் குளிர்பொருளான திரவ நைட்ரஜன் கொதிப்பது 77 கெல்வினில் (சுமார் −196 டிகிரி செல்சியஸ்). அதைத் தாண்டிய எண் என்பதால்தான் இவ்வளவு பரபரப்பு.

இந்த வாரம் என் மேசையில் கிடப்பவை: இறக்கிவைத்த ஐந்து பிரீபிரின்ட்கள் (சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு முன்பே பொதுத்தளத்தில் ஏறிய கட்டுரைகள்), அவற்றில் இரண்டைத் திறக்கவே இல்லை, அந்த 2023 கட்டுரையின் அச்சுப் பிரதி, ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல், ஒரு தொகுப்பாய்வு, பிறகு, மீக்கடத்தலைத் தேடவே தேடாத பிரெஞ்சு வேதியியலாளர்கள் 1985இல் எழுதிய ஒரு கட்டுரை. கடைசியாகச் சொன்னதற்குத்தான் அதிக நேரம் போனது. காரணம் போகப்போகத் தெரியும்.

## முதலில் அளவுகோல்

வேகம், நம்பகம், பணம் ஆகிய மூன்றையும் எல்லோரும் கேட்கிறார்கள். செய்தி எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கிறது, அதை எவ்வளவு நம்பலாம், கதவைத் திறக்கக் காசு எவ்வளவு என்பதுதான் அவை. நான் இன்னும் மூன்றைச் சேர்ப்பேன்.

முதலாவது, நேரச் செலவு. படிக்கும் நேரத்தை மட்டும் நான் சொல்லவில்லை. படித்ததை நம்பிக் களத்தில் இறங்கி, அது தப்பு என்று தெரிந்து திரும்பும் நேரமும் இதில் சேரும். இரண்டாவது, கைவேலை நுணுக்கம். கட்டுரையைப் பிரித்து வைத்துக்கொண்டு உலையை மூட்ட முடியுமா? எத்தனை டிகிரி, எத்தனை மணி, எந்த வாயு, எந்த வேகத்தில் குளிர்வித்தார்கள் என்று அதில் இருக்கிறதா? மூன்றாவது, தற்செயல். நான் தேடாத ஒன்றை என் கண்ணில் படவைக்கிறதா? தேடியதை மட்டும் தரும் வழி, நாளடைவில் நம்மை ஒரே கிணற்றுக்குள் வைத்துவிடும்.

இந்த ஆறையும் வைத்துக்கொண்டு வழிகளைப் பார்க்கலாம்.

## பிரீபிரின்ட்

கட்டுரையை இதழுக்கு அனுப்பும்போதே, மதிப்பீட்டுக்குக் காத்திராமல், பொதுத்தளத்தில் ஏற்றிவிடுவது. 1991 ஆகஸ்டில் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் பால் கின்ஸ்பார்க் துகள் இயற்பியல் கோட்பாட்டாளர்களுக்காகத் தொடங்கியதுதான் ஆர்க்கைவ். 2001இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. இப்போது மாதத்துக்கு 20,000க்கு மேல் கட்டுரைகள் ஏறுகின்றன. உயிரியலுக்குப் பயோஆர்க்கைவ் 2013இல் வந்தது. அதற்கு முன்பும் பிரீபிரின்ட்கள் இருந்தன. ஆனால் நகலெடுத்து, உறையிலிட்டு, வேண்டியவர்களுக்குத் தபாலில் போகும். அந்த முகவரிப் பட்டியலில் இல்லாதவர் இதழ் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்தச் சுவரை உடைத்ததற்காகவே ஆர்க்கைவை நான் கும்பிடுவேன்.

கும்பிட்ட கையாலேயே சூடும் பட்டிருக்கிறேன். 2023 ஜூலை 22 அன்று தென்கொரியக் குழு ஒன்று எல்கே-99 என்ற பொருளைப் பற்றி ஆர்க்கைவில் ஏற்றியது. அறை வெப்பநிலையில், சாதாரண அழுத்தத்தில், மீக்கடத்தி! அடுத்த வாரம் என் மாணவர்கள் மூவர் கைபேசியை நீட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். செய்முறை சமையல் குறிப்புப் போல இருந்தது. ஈய ஆக்சைடும் ஈய சல்பேட்டும் 725 டிகிரியில் 24 மணி நேரம். தாமிரமும் பாஸ்பரசும் 550 டிகிரியில் 48 மணி நேரம். இரண்டையும் அரைத்துக் கலந்து, வெற்றிடக் குழாயில் அடைத்து 925 டிகிரி. எல்லாம் எங்கள் அலமாரியில் இருந்த பொருட்கள். எப்படி மறுப்பது?

ஒரு குவார்ட்ஸ் குழாய் உலைக்குள் வெடித்தது. இரண்டாவது குழாயிலிருந்து கரும்சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி வந்தது. கல்வத்தில் உடைத்தோம். ஒரு சில்லைக் காந்தத்தின் மேல் வைத்ததும் அது எழுந்தது! ஆனால் ஒரு ஓரம் மட்டும் எழுந்து, மறு ஓரத்தில் ஊன்றி நின்றது. மாணவர் ஒருவர் அதன் அடியில் காகிதத் துண்டை நுழைத்தார். காகிதம் பாதி தூரம் போய் முட்டி நின்றது. மீக்கடத்தியென்றால் காந்தத்தின் மேல் மிதக்க வேண்டும்; மிதக்கும் பொருளின் அடியில் காகிதம் முட்டாது. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அந்த நொடியே புரிந்துவிட்டது. இருந்தும் இன்னும் ஒரு வாரம் அளந்துகொண்டிருந்தோம். ஆசை என்பது அப்படித்தான்.

கொரியக் கட்டுரையில் மின்தடை திடீரென்று சரிந்த இடம் 104 டிகிரி செல்சியசை ஒட்டி இருந்தது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரசாந்த் ஜெயின் அந்த எண்ணைப் பார்த்ததும் அடையாளம் கண்டார். தாமிர சல்பைடு தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும் வெப்பநிலை அது. செய்முறையில் கந்தகம் இருக்கிறது, தாமிரம் இருக்கிறது. கழிவாகத் தாமிர சல்பைடு வருவதில் வியப்பில்லை. ஸ்டுட்கார்ட்டில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தினர் கலப்படமில்லாத எல்கே-99 படிகத்தை வளர்த்தபோது, அது ஊதா நிறத்தில் ஒளி ஊடுருவும் கல்லாக இருந்தது. மீக்கடத்தி இல்லை, மின்கடத்தாப் பொருள். ஆகஸ்ட் நடுவில் கதை முடிந்தது.

எங்களுக்கு ஆன செலவு பத்தொன்பது நாள், ஒரு குழாய், ஒரு மாணவரின் ஆய்வேட்டுக்காக ஒதுக்கியிருந்த குளிர்கருவி முறை. இதழ்களின் சந்தாப் பட்டியலில் இந்தக் கணக்கு வராது. பிரீபிரின்ட் இலவசம் என்று சொல்கிறவர்களிடம் இதைக் காட்டுவேன். இயற்பியலிலாவது நஷ்டம் ஆய்வகத்தோடு போகும். 2020 ஜனவரி கடைசியில், புதிய கொரோனா வைரசில் எச்.ஐ.வி.யோடு ஒத்த பகுதிகள் இருப்பதாகத் தில்லியிலிருந்து ஒரு பிரீபிரின்ட் ஏறியது. சில நாட்களிலேயே ஆசிரியர்கள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குள் அது உலகம் சுற்றி முடித்துவிட்டது.

ஆனால் தப்பைப் பிடித்ததும் பிரீபிரின்ட்கள்தான் என்பதை மறக்கக் கூடாது. எல்கே-99க்கு எதிரான முடிவுகளும் அதே தளத்தில், அதே வேகத்தில் ஏறின.

எப்போது இது நல்லது: உங்கள் துறை வாரத்துக்கு வாரம் நகர்கிறதென்றால், உங்கள் வேலையையே இன்னொருவர் செய்கிறாரா என்று தெரிய வேண்டுமென்றால், கல்லூரியில் சந்தா இல்லையென்றால். தலைப்பு, சுருக்கம், முதல் படம், அவ்வளவுதான். பத்து நிமிடம். முழுதாகப் படிக்கத் தோன்றினால் பதிப்பு எண்ணைப் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் பதிப்பு வந்திருந்தால் என்ன மாறியது என்று பார்ப்பது, கட்டுரையைவிடச் சில சமயம் அதிகம் சொல்லும்.

## ஆய்விதழ்

லண்டன் ராயல் சொசைட்டியின் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665இல் தொடங்கிய இதழ் இன்றும் வருகிறது. சக ஆய்வாளர் இரண்டு மூன்று பேர் படித்து, கேள்வி கேட்டு, திருத்தச் சொல்லி, பிறகு அச்சேறும் முறை இதன் பலம். பல மாதங்கள் பிடிக்கும். அந்தத் தாமதமே ஒரு சல்லடை.

சல்லடையில் ஓட்டையே இல்லை என்று நம்புகிற வழிகாட்டிகளுக்கு, அதே 2023ஐ நினைவூட்டுகிறேன். மார்ச் மாதம் நேச்சர் இதழில், நைட்ரஜன் கலந்த லுட்டீசியம் ஹைட்ரைடு 21 டிகிரியில் மீக்கடத்துகிறது என்று ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரங்கா டயஸ் குழு எழுதியது. அதே குழுவின் 2020 கட்டுரையை அதே இதழ் 2022இல்தான் திரும்பப் பெற்றிருந்தது. ஆனாலும் மதிப்பீடு முடிந்து அச்சேறியது. சில நாட்களிலேயே நான்ஜிங் குழு தாங்கள் செய்த அதே வகைப் பொருளில் மீக்கடத்தல் இல்லை என்று ஆர்க்கைவில் ஏற்றியது. மூலக் கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றது நவம்பர் 7 அன்று. ஆக, மதிப்பீடு இல்லாத தளத்தில் ஏறிய தவறு திருத்தப்பட ஒரு மாதம் கூட ஆகவில்லை. மதிப்பீடு கடந்து வந்த தவறு அகல எட்டு மாதம் பிடித்தது. இதழைப் படிக்காதீர்கள் என்று இதற்குப் பொருளில்லை. இதழின் பெயரைப் படித்துவிட்டுக் கட்டுரையைப் படித்ததாக எண்ணாதீர்கள் என்கிறேன்.

இதழ்களின் இன்னொரு மறைமுகச் செலவு, தோல்விகள் அச்சேறாதது. ஒரு பொருளைப் பத்து ஆய்வகங்கள் செய்து பார்த்து எட்டில் வரவில்லையென்றால், உங்களுக்குத் தெரிவது வந்த இரண்டு மட்டுமே.

இனி பெருமை. கைவேலை நுணுக்கத்தில் இதழ்களை எதுவும் மிஞ்சாது. மதிப்பீட்டாளர் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கிய தகவல்கள் பின்னிணைப்புக் கோப்பில் இருக்கும். மாணவர்கள் அதை இறக்குவதே இல்லை. கட்டுரை நான்கு பக்கம், பின்னிணைப்பு முப்பது பக்கம் என்றால், உலைக்குத் தேவையானது அந்த முப்பதில்தான்.

தற்செயலிலும் இதழுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. என் மேசையில் கிடக்கும் பிரெஞ்சுக் கட்டுரைக்கு வருகிறேன். சூரிக் அருகே ஐபிஎம் ஆய்வகத்தில் ஜார்ஜ் பெட்நார்ஸும் அலெக்ஸ் முல்லரும் ஆக்சைடுகளில் மீக்கடத்தலைத் தேடி, இரண்டு ஆண்டுக்கு மேல் ஒன்றும் அகப்படாமல் இருந்தார்கள். 1985 கடைசியில் பெட்நார்ஸ் அளப்பதை நிறுத்திவிட்டுப் படிக்க உட்கார்ந்தார். அப்போது கண்ணில் பட்டது மிஷெல், எர்-ரக்கோ, ரவோ மூவரும் எழுதிய வேதியியல் கட்டுரை. பேரியம், லாந்தனம், தாமிரம் கலந்த ஆக்சைடு. உலோகம் போல மின்சாரம் கடத்துகிறது என்றது. அவர்களுடைய அக்கறை வினையூக்கிகளில். குளிரில் −100 டிகிரி வரை போய் நிறுத்திக்கொண்டார்கள். பெட்நார்ஸ் அதே வகைப் பொருளைச் செய்து இன்னும் கீழே கொண்டுபோனார். 1986 தொடக்கத்தில் 35 கெல்வின் அருகே மின்தடை சரியத் தொடங்கியது. 1987இல் நோபல் பரிசு.

அந்தக் கட்டுரை மீக்கடத்திக்காரர்களின் இதழில் வரவில்லை. பக்கத்து வீட்டு இதழில் வந்தது. குறிச்சொல் போட்டுத் தேடும் இன்றைய மாணவருக்கு அது அகப்பட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

பணம்: மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை 6,300க்கு மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. அரசு நிறுவன மாணவர் இன்னும் கட்டுரை கிடைக்கவில்லை என்று சொன்னால், நூலகரிடம் போய்ப் பேசவில்லை என்று பொருள். சுயநிதிக் கல்லூரிக்காரர் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார். அவருக்கான வழி கடைசியில்.

எப்போது இது நல்லது: நீங்கள் ஒன்றைத் திரும்பச் செய்யப் போகிறீர்கள் என்றால். அல்லது ஆய்வேட்டில் மேற்கோள் காட்டப் போகிறீர்கள் என்றால்.

## தொகுப்பாய்வு

ஒரு துறையின் பத்து, இருபது ஆண்டுக் கட்டுரைகளை ஒருவர் படித்து, வரிசைப்படுத்தி, தன் கருத்தோடு தருவது. ஸ்டான்ஃபோர்டின் உயிர்வேதியியல் ஆசிரியர் முர்ரே லக், பாடம் நடத்துவதற்கே எல்லாக் கட்டுரைகளையும் படித்து மாளவில்லை என்ற நிலையில் ஆண்டுத் தொகுப்பு ஒன்றைத் தொடங்கினார். முதல் தொகுதி 1932இல் வந்தது. 1930களிலேயே மாளவில்லையாம்!

புதிதாக வருகிறவருக்கு இதைப்போல் தயவான வழி இல்லை. என்னுடைய வாதம் என்ன, எதிராளியின் வாதம் என்ன, எங்கே சண்டை என்று ஒரே இடத்தில் தெரியும். ஒரு தொகுப்பாய்வைப் பதினைந்து நாள் படித்தால், அதற்குப் பின் பிரீபிரின்ட்களின் தலைப்பே பாதி சொல்லிவிடும்.

மறைமுகச் செலவு, எழுதியவரின் கண்ணாடியும் நமக்கு மாட்டப்படுவது. அவருக்குப் பிடிக்காத குழுவின் வேலை ஒரு வரியில் முடிந்துவிடும். தன் வேலை மூன்று பக்கம் நீளும். இன்னொன்று, பிழை பரம்பரைச் சொத்தாவது. மனித உயிரணுவில் 48 குரோமோசோம்கள் என்று தியோஃபிலஸ் பெயின்டர் 1923இல் எழுதினார். பாடநூல்கள் முப்பது ஆண்டுக்கு மேல் 48 என்றே ஒப்பித்தன. ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் 46 என்று 1956இல் வெளியிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்து வேறு எண் வந்தவர்கள், தங்கள் கண்ணைத்தான் சந்தேகித்திருப்பார்கள்.

மருந்து எளிது. ஒரே பொருளைப் பற்றி, ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாத இருவர் எழுதிய இரண்டு தொகுப்பாய்வுகளைச் சேர்த்துப் படியுங்கள்.

எப்போது இது நல்லது: முதல் ஆறு மாதம். துறை மாறும்போது. ஆய்வேடு எழுதும் கடைசி ஆண்டில் இதில் உட்கார்ந்தால் அது வேலையைத் தள்ளிப்போடும் தந்திரம். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

## பழைய கட்டுரையும் நூலும்

1928. சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர், பதினெட்டு வயதை எட்டும் பருவம். அணுக் கட்டமைப்பைப் பற்றி ஆர்னால்டு சோமர்ஃபெல்டு எழுதிய நூலை ஊன்றிப் படித்து முடித்திருந்தார். சோமர்ஃபெல்டே சென்னைக்கு வந்தார். மாணவர் அவரைத் தங்கும் விடுதியில் போய்ப் பார்த்தார். நூலைப் படித்திருப்பதாகச் சொன்ன பையனிடம், அந்த நூலுக்குப் பிறகு இயற்பியல் முழுதும் மாறிவிட்டது, நீ படித்தது பழையதாகிவிட்டது என்கிற பொருளில் சோமர்ஃபெல்டு சொன்னார். நெஞ்சு உடையும் இடம். ஆனால் அவர் அத்தோடு விடவில்லை. உலோகங்களின் எலெக்ட்ரான் கோட்பாட்டைப் பற்றித் தான் எழுதி இன்னும் வெளிவராத கட்டுரையின் மெய்ப்புத் தாள்களைப் பையன் கையில் கொடுத்தார்.

இன்றைய சொல்லில், அது ஒரு பிரீபிரின்ட். அதிலிருந்த புதிய புள்ளியியலைப் பிடித்துக்கொண்டு சந்திரசேகர் எழுதிய கட்டுரை, 1929இல் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது, எரிந்து அடங்கிய நட்சத்திரங்களான வெள்ளைக் குறுமீன்களின் நிறைக்கு உச்சவரம்பு உண்டு என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுபோனதும் அந்தப் புள்ளியியல்தான்.

இந்தக் கதையைப் பழைய நூல் வீண் என்று காட்டச் சிலர் சொல்வார்கள். எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. அந்த மெய்ப்புத் தாள்களை அன்றைக்குச் சென்னையில் வேறு எந்த மாணவர் கையில் கொடுத்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? 'பழையதாகிவிட்ட' நூலை வரிவரியாகக் கடந்திருந்ததால்தான், எது மாறியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. பழசு தெரியாதவனுக்குப் புதுசில் எல்லாமே புதுசாகத்தான் இருக்கும், எங்கே நிற்பது?

என் துறையிலிருந்து இன்னொன்று. மக்னீசியம் டைபோரைடு 1950களிலேயே தெரிந்த சேர்மம். அரை நூற்றாண்டு யாரும் அதை மீக்கடத்தியாகச் சந்தேகிக்கவில்லை. 2001 ஜனவரியில் ஜப்பானின் ஜுன் அகிமிட்சு குழு 39 கெல்வினில் மீக்கடத்தல் என்று அறிவித்தது. நேச்சர் கட்டுரை மார்ச்சில் வெளியாகும் முன்பே மற்றவர்களின் பிரீபிரின்ட்கள் குவியத் தொடங்கிவிட்டன. பழைய அட்டவணைகளைப் புரட்டும்போதெல்லாம், இதில் இன்னும் எது குளிர்விக்கப்படாமல் கிடக்கிறது என்று எனக்குக் கை பரபரக்கும்.

செலவு? மெதுவானது. அலகுகள் வேறு, குறியீடுகள் வேறு. ஒரு பக்கத்துக்கு ஒரு மாலை போகும். வாராந்தரக் கூட்டத்தில் "1985 கட்டுரை படித்தேன்" என்றால் வழிகாட்டியின் முகம் போகும் போக்கையும் செலவில் எழுதிக்கொள்ளுங்கள். பணம் மட்டும் பெரும்பாலும் பிரச்சினையில்லை. நூலகத்தின் கீழ்த்தளத்தில் தூசியோடு காத்திருக்கும்.

எப்போது இது நல்லது: உங்கள் கேள்வி எது என்று உங்களுக்கே தெளிவில்லாதபோது.

## கூடிப் படித்தல்

வில்லியம் ஆஸ்லர் 1875இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இதழ் வாசிப்புக் குழுவைத் தொடங்கியது, விலையுயர்ந்த இதழ்களைப் பலர் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ள. இன்று விலைக்காக இல்லை, கண்களுக்காகக் கூடுகிறோம்.

எங்கள் குழு வியாழன் நான்கு மணிக்கு, தேநீரோடு. ஆறு பேர், ஒரே கட்டுரை. ஒரு முறை நாற்பது நிமிடம் வாதாடிய பிறகு, புதிதாகச் சேர்ந்த மாணவி, "இந்தச் செங்குத்து அச்சு சுழியிலிருந்து தொடங்கவில்லையே?" என்றார். மின்தடை சுழிக்கு விழுந்ததாக நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்த வளைகோடு, பாதியில்தான் நின்றிருந்தது. எனக்குத் தனியாகப் படித்தபோது அது தெரியவில்லை. மறுபடியும் சொல்கிறேன், இருபது ஆண்டாக இதே வகை வரைபடத்தைப் பார்க்கிறவன் நான்.

ஆறு பேருக்கு ஒரு மணி நேரம் என்றால் ஆறு மணி நேரம். வழிகளிலேயே விலை உயர்ந்தது இதுதான். இன்னொரு தொல்லை, பெரியவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டத் தொடங்குவது. அதனால் வயதில் இளையவர் முதலில் பேச வேண்டும் என்று வைத்திருக்கிறோம். நான் கடைசி. அது எனக்குக் கடினமாக இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எப்போது இது நல்லது: ஒரு கட்டுரையை நம்பி மாதக்கணக்கில் உழைக்கப் போகும் முன். எல்கே-99 அன்று இதைச் செய்திருந்தால் குழாய் மிஞ்சியிருக்கும்.

## செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம்

கடிதம் எழுதியவர்கள் கேட்காவிட்டாலும் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியும். மெட்டா நிறுவனம் அறிவியல் கட்டுரைகளுக்கென்றே பழக்கிய கலாக்டிகாவை 2022 நவம்பரில் பொதுமக்களுக்குத் திறந்து, மூன்றே நாளில் மூடியது. அதற்குப் பின் கருவிகள் வெகுதூரம் வந்துவிட்டன. இருந்தாலும், நான் வரிக்கு வரி அறிந்த அந்த 2023 நிக்கல் கட்டுரையைக் கொடுத்துப் பார்த்தேன். "80 கெல்வினில் மீக்கடத்தி" என்று சுருக்கித் தந்தது. மூலத் தலைப்பு அப்படிச் சொல்லவில்லை. மீக்கடத்தலின் "அடையாளங்கள்" என்றது. மின்தடை ஐயமற்றுச் சுழியானதை அந்த முதல் கட்டுரை காட்டவில்லை. பிறகு வந்தவர்கள்தான் காட்டினார்கள். அந்த ஒரு சொல்லில்தான் ஓராண்டுச் சண்டையே இருந்தது.

பெட்நார்ஸும் முல்லரும் 1986 தலைப்பில் "சாத்தியமான" என்று போட்டார்கள். எல்கே-99 தலைப்பு அப்படி எதுவும் இல்லாமல் "முதல்" என்று தொடங்கியது. இந்தச் சொற்களைத்தான் சுருக்கம் முதலில் தின்றுவிடுகிறது. தெரியாத சொல்லுக்கு விளக்கம் கேட்க, ஆங்கில வாக்கியம் புரியாதபோது உடைத்துக் காட்டச் சொல்ல, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணையும் மேற்கோளையும் அதனிடம் வாங்காதீர்கள்.

## ஒரு பார்வையில்

| வழி | வேகம் | நம்பகம் | கைவேலை நுணுக்கம் | தற்செயல் | பணம் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|---|---|
| பிரீபிரின்ட் | மிக அதிகம் | உங்கள் பொறுப்பு | கட்டுரைக்குக் கட்டுரை மாறும் | நடுத்தரம் | இல்லை | நம்பி இறங்கிய நாட்கள் |
| ஆய்விதழ் | மாதங்கள் | நல்லது, முழுதல்ல | மிக நல்லது | பக்கத்துத் துறை இதழானால் அதிகம் | அரசு நிறுவனத்தில் இல்லை | தோல்விகள் கண்ணில் படாது |
| தொகுப்பாய்வு | ஆண்டுகள் | எழுதியவரைப் பொறுத்தது | குறைவு | குறைவு | பலவகை | இரவல் கண்ணாடி |
| பழைய கட்டுரை, நூல் | பொருந்தாது | காலம் சலித்தது | பல சமயம் வியப்பளிக்கும் | மிக அதிகம் | குறைவு | மெதுவானது |
| கூடிப் படித்தல் | வாரம் ஒன்று | மிக நல்லது | நல்லது | நடுத்தரம் | தேநீர்ச் செலவு | ஆறு பேரின் நேரம் |
| சுருக்கக் கருவி | நொடிகள் | எண்ணுக்குக் கூடாது | இல்லை | இல்லை | குறைவு | தயக்கச் சொற்கள் காணாமல் போகும் |

## மூவருக்கும்

வழிகாட்டி தடை போட்டவருக்கு: சண்டை வேண்டாம். அவர் சொல்வதில் பாதி சரி. ஆய்விதழ்க் கட்டுரைகளையே படியுங்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஆர்க்கைவில் முதல் பதிப்பு இருக்கிறதா என்று தேடி, இரண்டையும் பக்கத்தில் வைத்து, மதிப்பீட்டில் என்ன மாறியது என்று குறித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். எனக்குத் தெரிந்த எந்த வழிகாட்டியும் அந்தக் குறிப்பை வேண்டாமென்று சொன்னதில்லை.

சுயநிதிக் கல்லூரி விரிவுரையாளருக்கு: இயற்பியலில் பெரும்பாலான கட்டுரைகளுக்கு ஆர்க்கைவ் பிரதி உண்டு, தலைப்பைப் போட்டுத் தேடுங்கள். பெங்களூரில் இருக்கும் இந்திய அறிவியல் அகாடமியின் இதழ்களை அதன் தளத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். அவற்றில் 1996 முதல் வரும் ரெசனன்ஸ் என்ற இதழ் வகுப்புக்கும் உதவும். எதுவும் அகப்படாவிட்டால் கட்டுரை ஆசிரியருக்கு மூன்று வரி மின்னஞ்சல். தன் கட்டுரையை யாரோ ஒருவர் படிக்க விரும்புகிறார் என்பதே ஆசிரியர்களுக்கு அரிதான மகிழ்ச்சி; எனக்கு அப்படி வந்த கடிதம் எதற்கும் நான் பதில் போடாமல் இருந்ததில்லை. உங்கள் ஒரு மணி நேரத்தை ஐந்து நாள் தொகுப்பாய்வுக்கும், ஒரு நாள் பிரீபிரின்ட் தலைப்புகளுக்கும் கொடுங்கள். ஒரு நாள் ஓய்வு.

முதல் கடிதம் எழுதிய மாணவிக்கு: ஆர்க்கைவை மாலை நான்கு மணிக்கு முன் திறக்காதீர்கள். காலை, உலைக்கு. இரண்டு வாரத்துக்கு இரண்டே கட்டுரைகள்: 1985இல் மிஷெல் குழு எழுதியது, 1986இல் பெட்நார்ஸும் முல்லரும் எழுதியது. இரண்டையும் ஒரே மேசையில் விரித்து, வெப்பநிலை அச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முதலில் பாருங்கள். கையில் அந்தப் பொருளை வைத்திருந்தவர்கள் −100 டிகிரியோடு ஏன் நிறுத்தினார்கள் என்று உங்களுக்குத் தோன்றுவதை ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். எனக்கும் ஒரு விடை இருக்கிறது. உங்களுடையது வந்த பிறகு சொல்கிறேன்.